நெஞ்சால் கடித்த குதிரை

கண்ணைத் திறக்காதீங்க சார். அந்த நர்ஸம்மா பொல்லாதது. போன தடவை ஒருவர் ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார் என்று மறுபடியும் சொட்டு மருந்து விட்டு, முதலிலிருந்து உட்கார வைத்துவிட்டது. கண்மணி விரிகிற வரைக்கும் நீங்களும் நானும் இந்த பெஞ்சில் இப்படியே சுவரில் சாய்ந்து கிடக்க வேண்டியதுதான். நல்லதாகப் போயிற்று. உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை, என் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. பேசுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்குமா?

என்ன தொழில் என்று கேட்டீர்களே. சிற்பம் சார். மரச் சிற்பம். கோயிலுக்கு வாகனம் செய்கிற ஆசாரி. அன்னம், சிங்கம், யானை, கருடன், எது வேண்டுமோ அது. கள்ளக்குறிச்சிப் பக்கம் போய் விருத்தகிரி ஆசாரி என்று கேட்டுப் பாருங்க, சொல்வார்கள். வெடி விருத்தகிரி என்று கேட்டால் இன்னும் சீக்கிரம் சொல்வார்கள். என் பேச்சு வெடி மாதிரி இருக்கும் என்பதால் வந்த பெயர் அது. வேறு காரணம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் செய்த அன்னத்துக்குக் கழுத்து வெடித்ததாம், சிங்கத்துக்குத் தாடை பிளந்ததாம். ஏன் சார், சிங்கம் என்றால் வாயைத் திறக்காதா? யாரும் யோசிப்பதே இல்லை.

என் அப்பா பெரிய கை. அவர் ஒரு கருட வாகனம் செய்து வைத்தார். அதன் மூக்கைப் பார்த்துவிட்டு அந்த ஊர்ப் பாம்புகள் எல்லாம் குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டன. பாம்பு போனதும் எலி பெருகிவிட்டது. வயல் முழுக்க எலி. கடைசியில் ஊரே திரண்டு வந்து, "ஆசாரி, அந்த மூக்கைக் கொஞ்சம் மழுக்கி விடுங்க"ன்னு அழுதது. அப்பா ஓர் இழைப்பு இழைத்தார். மறுநாள் பாம்புகள் திரும்பி வந்துவிட்டன. சிரிக்காதீங்க சார், மருந்து வழிந்துவிடும்.

அந்தக் கருடனுக்காக அப்பாவுக்குப் பரிவட்டம் கட்டினார்கள். பரிவட்டம் தெரியும் இல்லையா? பெருமாளுக்குச் சாத்திய பட்டுத்துணியை எடுத்து மனுஷன் தலையில் கட்டுவது. மேளம் முன்னால் போக, அதைக் கட்டிக்கொண்டு சாமிக்கு முன்னால் நடந்து போனால் ஊரே ஒதுங்கி வழிவிடும். நானும் ஆயுசு முழுக்க வாகனம் செய்தேன். என் தலைக்கு அது வரவே இல்லை. அன்னம் வெடித்த ஊரில் எப்படிக் கட்டுவார்கள்? தலை நரைத்தது. எனக்கு வேறு ஆசையே கிடையாது சார். அது ஒன்றுதான்.

அப்போதுதான் ஐப்பசிப் புயலில் கல்லேரிப்பட்டுப் பெருமாள் கோயில் இலுப்பை மரம் விழுந்தது. கோயிலுக்குள்ளேயே நின்ற மரம். அதைக் கொண்டுதான் பெருமாளுக்குப் புதுக் குதிரை வாகனம் செய்ய வேண்டும், பங்குனித் திருவிழாவில் சாமி அதில் ஏற வேண்டும் என்று தர்மகர்த்தா கோதண்டம் ஒற்றைக் காலில் நின்றார். ஊர் ஊராகப் போய் ஆசாரிகளைக் கேட்டார். பச்சை மரம், ஆகாது என்று எல்லோரும் கையை விரித்தார்கள். என்னிடம் வந்தார். ஆகும் என்றேன்.

பக்கத்தில் நின்ற கலியன், தர்மகர்த்தா கையோடு கொண்டுவந்திருந்த மரத்துண்டைக் கைக்கோடாலியால் ஒரு தட்டு தட்டினான். விரலை வைத்துப் பார்த்தான்.

"மாமா, தண்ணி சொட்டுது. ஒரு வருஷமாச்சும் நிழல்ல கெடக்கணும். இப்பவே உளி வெச்சா நாலா பக்கமும் வெடிச்சிரும்."

கலியபெருமாள் என்று பெயர். என் பெண்டாட்டி பூங்காவனத்தின் தம்பி. நிலை, கதவு, உத்தரம் செய்கிற தச்சன். கலை தெரியாது, கட்டை தெரியும். என் பட்டறையில்தான் வேலை. பேசமாட்டான். பேசாத ஆளை நான் நம்புவதே இல்லை சார். உள்ளே என்ன வைத்திருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். பொறாமை. தலையிலிருந்து கால் வரைக்கும் பொறாமை. இந்தக் கதையே அவன் பொறாமையைப் பற்றிய கதைதான்.

"நீ கதவுக்காரன், உனக்குக் குதிரையைப் பத்தி என்னடா தெரியும்?" என்றேன்.

தர்மகர்த்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆசாரியாரே, உம்ம அன்னம், சிங்கம் சேதியெல்லாம் கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கேன். இருந்தாலும் வேற ஆளு இல்ல. குதிரை பொறப்படுற அன்னிக்குப் பரிவட்டத்த உம்ம தலையில கட்டுறேன். நாலு வீதியும் சுத்தி மண்டபத்துக்கு வந்து சேர்ற வரைக்கும் குதிரை முழுசா இருந்தா, துணி உம்முது. வழியில ஒரு வெடிப்பு என் கண்ணுல பட்டாலும் சரி, பின்னப்பட்ட வாகனத்துல பெருமாள் இருக்க மாட்டாரு. சாமிய நடுவீதியில எறக்கிருவேன். பரிவட்டத்தையும் அவுத்துருவேன்."

"அவிழ்க்க வேண்டி வராது" என்றேன். பூங்காவனம் உள்ளேயிருந்து பெருமூச்சு விட்டாள். அவளுக்கு ஆஸ்துமா மாதிரி ஏதோ உண்டு. நான் வாக்குக் கொடுக்கும்போதெல்லாம் வரும்.

சரி, மரம் வந்து இறங்கியது. நான் அதைச் சுற்றி வந்து, எந்தப் பக்கம் முகம், எந்தப் பக்கம் வால் என்று மனசுக்குள் குதிரையை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காப்பி குடித்துவிட்டு வருகிறேன், அந்தப் பயல் மரத்தின் இரண்டு வெட்டுமுகத்திலும் சாணியையும் மெழுகையும் குழைத்து அப்பி வைத்திருக்கிறான்! நான் முகம் செதுக்கப்போகிற இடம் சார் அது!

"என்னடா இது?"

"ஈரம் வெட்டுமுகம் வழியாத்தான் மாமா ஓடும். ஓடுற அவசரத்துல வெடிக்கும். அடைச்சு வெச்சா மெதுவாப் போவும்."

பாருங்க, எப்படி ஒரு காரணம். என் குதிரை பிறக்கும் முன்பே அதன் முகத்தில் சாணி அடிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பொறாமைக்காரனுக்குத்தான். போகட்டும் என்று விட்டேன். தச்சுக் கூலிக்கு ஆள் கிடைக்காத காலம்.

அப்புறம் நான் உருவம் எடுத்தேன். பிடரி, தோள், துடை. முன்னங்கால் இரண்டும் தூக்கி, பாய்கிற குதிரை. சும்மா சொல்லவில்லை, பட்டறை வாசலில் போன ஜட்கா வண்டிக் குதிரை ஒன்று இதைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுச் சந்துக்குள் புகுந்துகொண்டது. வண்டிக்காரன் கெஞ்சியும் வெளியே வரவில்லை. அப்படி நான் வெளியே செதுக்கிக்கொண்டிருக்கும்போது இவன் என்ன செய்தான்? வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு உள்ளே குடைந்தான். மரத்தின் நடு நெஞ்சையே தோண்டித் தோண்டிக் கூடை கூடையாக வெளியே கொட்டினான்.

"நடுவுல இருக்கறத எடுத்துட்டா, வெளி மரம் சுருங்கறதுக்கு எடம் கெடைக்கும் மாமா."

ஆக, நான் உயிர் கொடுக்கிறேன், அவன் குடலை உருவுகிறான். அந்தப் பொந்தில் எங்கள் வீட்டுப் பெட்டைக்கோழி போய் அடைகாத்துவிட்டது சார். இதைக் கேளுங்க. தர்மகர்த்தா வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தார். வெடிப்பு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு பக்கமாகக் காதை வைத்து விரலால் தட்டினார். உள்ளேயிருந்து கீச் கீச் கீச் என்று சத்தம். மனுஷன் வெளிறிப்போனார்.

"ஆசாரியாரே, குதிரை வயித்துக்குள்ள என்னமோ கத்துது!"

"ஆமாங்க. உயிர் புகுந்துட்டிருக்கு. இப்ப தொந்தரவு பண்ணக் கூடாது" என்றேன்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கோழி குஞ்சுகளை அழைத்துக்கொண்டு வெளியே வரும்போது நல்லவேளை அவர் தெருமுனை திரும்பியிருந்தார்.

வெடிப்பு வரவில்லையா என்று கேட்கிறீர்கள். வராமல் இருக்குமா? பச்சை இலுப்பை. மார்கழிப் பனி விலகி வெயில் ஏறியதும் ஆரம்பித்தது. முதல் வெடிப்பு விட்டபோது துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம். எதிர்வீட்டு நாய் அன்று முதல் எங்கள் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டது. பிடரியில் ஒரு வெடிப்பு, பின்துடையில் ஒன்று, தோளில் மயிரிழை மாதிரி இரண்டு மூன்று.

வெடிப்பைக் கண்டால் அடைக்கிறவன் ஒருவன், அதை அலங்காரமாக்குகிறவன் ஒருவன். கலியன் அடைக்கிற ஜாதி. மரத்தூளைச் சலித்து, வச்சிரப் பசையில் பிசைந்து, சின்னச் சின்ன ஆப்பாகச் சீவி, பல்லிடுக்கைக் குத்தி எடுக்கிறவன் மாதிரி மணிக்கணக்கில் உட்கார்ந்து அடைப்பான். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது, தேவையும் கிடையாது. பிடரியில் விழுந்த வெடிப்பை நான் இரண்டு உளி போட்டு மயிர்க்கற்றையாக்கினேன். துடையில் விழுந்ததை நரம்பாக்கினேன். அந்த நரம்பைப் பார்த்துவிட்டு மாட்டு வைத்தியர் ஊசி போட இதுதான் சரியான இடம் என்று கைப்பையைத் திறந்துவிட்டார். அப்படி ஒரு நரம்பு. உள்ளே ஆப்பு வைத்தது அவன்தான். ஆனால் ஆப்பை யார் பார்க்கிறார்கள்? நரம்பைத்தானே பார்க்கிறார்கள்?

மாசி முடிகிற சமயத்தில் நெஞ்சு வெடித்தது.

அது பெரியது சார். அதை மட்டும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தொண்டையிலிருந்து இடது முன்னங்கால் வரைக்கும், விரல் நுழைகிற மாதிரி. நான் பார்த்த உடனே முடிவு செய்துவிட்டேன்: சலங்கை மாலை. நெஞ்சின் குறுக்கே ஒரு மாலை தொங்குகிற மாதிரி செதுக்கினால் வெடிப்பு அந்த வரிசைக்குள் மறைந்துவிடும். கலியன் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அப்புறம் தேக்கில் உடுக்கை மாதிரி கட்டைகள் செய்தான். இரண்டு பக்கமும் அகலம், நடுவில் ஒடுக்கம். வெடிப்புக்குக் குறுக்கே அதைப் பதித்தால் இந்தக் கரையையும் அந்தக் கரையையும் பிடித்து நிறுத்துமாம். பதித்தான். அதன்மேல் நான் சலங்கை செதுக்கி வர்ணமும் தீட்டினேன். என்ன அழகு! ஆட்டினால் சத்தம் வருமோ என்று எனக்கே சந்தேகம்.

"மாமா, இது ஓடுற வெடிப்பு" என்றான். "இன்னும் நிக்கல. மரம் இன்னும் சுருங்கிட்டேதான் இருக்கு. கட்ட தளர்ந்தா எடுத்துட்டு வேற அடிக்கணும். திருவிழா அன்னிக்கு விடியற வரைக்கும் நான் பாத்துக்கறேன். கண்ணை மட்டும் இப்பத் தொறந்துராதீங்க."

இது ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வாகனத்துக்குக் கடைசியாகத்தான் கண் திறப்பது. திரையைக் கட்டிக்கொண்டு ஆசாரி மட்டும் உள்ளே போய், தங்க ஊசியால் கருவிழியைக் கீறித் திறந்துவிட்டு, முதலில் கண்ணாடி, அப்புறம் பசுவும் கன்றும் காட்டுவோம். அதுவரைக்கும் அது மரம். என்ன வேண்டுமானாலும் செய்யலாம், அறுக்கலாம், அடிக்கலாம். கண் திறந்தாகிவிட்டால் அது உயிர். அதற்குப் பிறகு உளி படக் கூடாது, ஆணி படக் கூடாது, சுத்தியல் படக் கூடாது. செய்த ஆசாரியே ஆனாலும் இரும்பை எடுத்துக்கொண்டு கிட்டே போக முடியாது. இது எங்கள் தொழிலில் கட்டளை.

இப்போது யோசித்துப் பாருங்க. கண் திறக்காதே என்று ஒருவன் சொல்கிறான் என்றால் என்ன அர்த்தம்? திருவிழா அன்று விடிகிற வரைக்கும் தன் உளி என் குதிரைமேல் இருக்க வேண்டும். கடைசி உளி யாருடையது என்று ஊரில் கேட்டால் கலியனுடையது என்று சொல்ல வேண்டும். அந்தத் திட்டம் எனக்கா தெரியாது?

பூங்காவனம் வேறு ஒத்து ஊதினாள். "அவன் சொல்றதக் கேளுங்களேன். வாயத் தொறந்தா கதை சொல்றவனா அவன்?"

"அப்ப நான் சொல்றது கதையா?"

"நான் அப்படிச் சொன்னனா?" என்று பாத்திரத்தைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் போட்டாள்.

அன்று மாலையே திரையைக் கட்டினேன். கண்ணைத் திறந்தேன். திருவிழாவுக்கு இன்னும் எத்தனையோ நாள் கிடக்கிறது. இருக்கட்டுமே! இனி கலியனின் உளி என் குதிரையைத் தொடாது. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கலியன் கையில் ஒரு புதுக் கட்டையைச் சீவிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்தான், குதிரையின் கண்ணைப் பார்த்தான், சீவிய கட்டையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"அவசரப்பட்டுட்டீங்களே மாமா."

பாருங்க சார், ஒரு மனுஷனுக்கு இவ்வளவு பொறாமை இருக்கக் கூடாது.

அதோடு விட்டானா? குதிரையைக் கோயிலுக்குக் கொண்டுபோய் இறக்கியதும் ஈரச் சாக்கை எடுத்துக்கொண்டு வந்து அதன்மேல் போர்த்தினான். இரும்பு படக் கூடாது என்றுதான் கட்டளை, சாக்கு படக் கூடாது என்று இல்லையாம். அக்காளும் தம்பியும் கூட்டு. அவள் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றுவாள், இவன் சாக்கைத் திருப்பித் திருப்பிப் போடுவான். நான் செய்த குதிரையை நாலு பேர் கண்ணில் படாமல் மூட்டை கட்டி வைத்திருந்தார்கள்! திருவிழா அன்று காலையில் சுற்றுப்பட்டு ஜனம் எல்லாம் வந்து குவிந்தது. நான் போய்ச் சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். குதிரையைக் கோபுர வாசலில் நடு வெயிலில் நிறுத்தச் சொன்னேன். பங்குனி வெயில் சார், வர்ணம் தகதக என்று மின்னியது. பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். பொழுது சாய்கிற வரைக்கும் நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். குடை பிடித்துக்கொண்டு.

சாயங்காலம் பெருமாளை ஏற்றினார்கள். பட்டர் மேலே ஏறி, சாமியை ஒரு கையால் அணைத்துக்கொண்டு நின்றார். பூமாலை சாத்தினார்கள். தர்மகர்த்தா என்னைக் கூப்பிட்டார். கெட்டி மேளம். பட்டுத்துணியை மடித்து என் தலையில் வைத்து ஒரு சுற்று, இரண்டு சுற்று... உங்களுக்கு எப்படிச் சொல்வது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஏதோ இறங்கியது. மஞ்சள் பட்டு. துளசி வாசனை. எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. வந்துவிட்டுப் போய்விட்டது. நடக்க வேண்டுமே.

ஒரு சங்கடம், என் தலை சிறியது. துணி வழுக்கியது. திரும்பினால் நழுவும். அதனால் கழுத்தை அசைக்காமல் நேராகவே பார்த்துக்கொண்டு நடந்தேன். ராஜா மாதிரி.

தோளுக்குத் தண்டைத் தூக்கினார்கள். 'டப்' என்று ஒரு சத்தம்.

"என்னது அது?" என்றார் தர்மகர்த்தா, என் பக்கத்தில் நடந்தவர்.

"வாணம்" என்றேன்.

"வாணம் இன்னும் கொளுத்தலையே."

"அடுத்த ஊர் வாணம்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு ஆள் குதிரையிடம் ஓடினான். யார்? அவனேதான். வாழ்நாளில் ஒருநாளும் சாமி தூக்காதவன். தண்டுகளுக்கு நடுவே புகுந்து, குதிரையின் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, பூமாலைக்கு உள்ளே கையை விட்டுக்கொண்டான். தோளில் கிடந்த துண்டை அந்த இடத்தில் போட்டு மூடினான். இதெல்லாம் என் பின்னால் நடக்கிறது, நான் பார்க்கவில்லை. அப்புறம் சொன்னார்கள். தூக்குகிறவர்கள் கத்துவது மட்டும் காதில் விழுந்தது.

"யோவ் கலியா, வழிய விடுய்யா! குதிரைக்குப் பால் குடுக்குறியா?"

"சாமி தூக்கணும்னா தண்டப் புடி, இங்க வந்து குதிரையக் கொஞ்சாத!"

அவன் விலகவே இல்லையாம்.

"உம்ம மச்சினன் என்னய்யா குதிரைய விட மாட்டேங்கிறான்?" என்றார் தர்மகர்த்தா.

"நான் செதுக்கின சலங்கை மாலை அந்த எடத்துலதாங்க இருக்கு. அத யாரும் பாக்கக் கூடாது, அவ்வளவுதான். வயித்தெரிச்சல்."

வலதுபக்க ஜனம் என் வேலைப்பாட்டைப் பார்த்து ஆகா என்றது. இடதுபக்க ஜனம் ஒரு அழுக்குத் துண்டையும் கலியன் முதுகையும் பார்த்தது. பாதி ஊருக்கு என் கலை தெரியாமலே போயிற்று சார். இந்த நஷ்டத்தை யாரிடம் சொல்லி அழுவது?

நாலு வீதி சந்திக்கிற இடத்தில் வையாளி. குதிரை வாகனத்துக்கு மட்டும் உள்ள விசேஷம் அது. பெருமாள் வேட்டைக்குப் போகிற பாவனையில் குதிரையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவார்கள், சடாரென்று நின்று, பின்னால் ஓடுவார்கள். மறுபடி முன்னால். தண்டு வளையும், வாகனம் குலுங்கும். ஓட்டத்தில் குதிரை என்னைத் தாண்டி முன்னால் போனது, அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தேன். குதிரையோடு கூடவே ஓடினான், கூடவே பின்வாங்கினான். கை உள்ளேயே இருக்கிறது. தலைப்பாகை அவிழ்ந்து தொங்குகிறது. பல்லை நறநற என்று கடித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர்.

என் தலையில் பரிவட்டத்தைப் பார்த்ததும் பல்லைக் கடிக்கிறான், அழுகிறான். நான் என்ன செய்ய முடியும்? பார்க்காத மாதிரி முகத்தை நேராக வைத்துக்கொண்டேன்.

குதிரை முழுசாக மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு வெடிப்பு இல்லை! பெருமாளை இறக்கினார்கள், தண்டை இறக்கினார்கள். தர்மகர்த்தா தீவட்டியை வாங்கிக்கொண்டு குதிரையைச் சுற்றி வந்தார். கலியன் அப்போதுதான் விலகி, துண்டை மட்டும் கையோடு சுருட்டிக்கொண்டு தூணடியில் போய் உட்கார்ந்தான். பாரம் இறங்கியதும் நெஞ்சு கூடி நின்றது. பூமாலை மூடிய இடம் போக, சலங்கைக்கு நடுவே மயிரிழை மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். தர்மகர்த்தா அந்த இடத்தில் விரலை வைத்தார். விரலில் சிவப்பு ஒட்டியது.

"குங்குமம்" என்றேன்.

விரலைத் தீவட்டி வெளிச்சத்தில் பார்த்தார். தூணடியைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். அவிழ்த்துவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. "துணி உம்முதுதான், ஆசாரியாரே" என்று சொல்லிவிட்டு விரலை வேட்டியில் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு போனார். பெரிய மனுஷர்களுக்குக் குங்குமத்தில் அவ்வளவு பக்தி.

ஜெயித்துவிட்டேன் சார்! பூங்காவனத்திடம் காட்டலாம் என்று தேடினேன். அவள் தூணடியில் உட்கார்ந்திருக்கிறாள். தம்பி கையை மடியில் வைத்துக்கொண்டு துண்டைப் பிரிக்கிறாள். உள்ளங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிழிந்து, விரல்கள் நசுங்கி, பலகை இடுக்கில் மாட்டிய மாதிரி வீங்கிக் கிடந்தது. கைக்குள்ளே அந்த உடுக்கைக் கட்டை ஒன்று. விரலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை, அவள்தான் ஒவ்வொரு விரலாக விலக்கி அதை எடுத்தாள்.

எனக்கு ஒரு கணத்தில் விளங்கிவிட்டது.

"கடிச்சிருச்சு!" என்றேன். "குதிரை கடிச்சிருச்சு! கண்ணத் தொறந்தப்பவே எனக்குத் தெரியும், அதுக்கு உயிர் இருக்குன்னு. பொறாமக்காரன் கிட்ட வந்தா விடுமா?"

பூங்காவனம் நிமிர்ந்து பார்த்தாள். "நெஞ்சால எந்தக் குதிரைங்க கடிக்கும்?"

அவளுக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்? கோபத்தில் இருக்கிற குதிரை எதால் வேண்டுமானாலும் கடிக்கும். இதைக் கலியனிடமும் சொன்னேன். அவன் அந்த வலியிலும் என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஆமாம் மாமா. கடிச்சிருச்சு" என்றான். ஒத்துக்கொண்டான் பாருங்க! குற்றமுள்ள மனசு.

"ரத்தம் நிக்கல. அந்தத் துணியக் குடுங்க" என்றாள் பூங்காவனம்.

"எந்தத் துணி?"

"தலையில இருக்கறத."

நான் அரண்டுபோனேன். பெருமாள் துணி, ஊர் மரியாதை, ஆயுசு முழுக்கக் காத்திருந்து வாங்கியது, இன்னும் சரியாகச் சூடுகூட ஏறவில்லை. "வேற துணியே கெடைக்கலையா உனக்கு? என் வேட்டியக் கிழிச்சுத் தரேன்" என்றேன். அவள் கையை மட்டும் நீட்டியபடியே வைத்திருந்தாள். அவளோடு குடும்பம் நடத்தியவன் நான். அந்தக் கை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீண்டே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவிழ்த்துக் கொடுத்தேன். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை சார். இதுதான் என் வழக்கு. யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

அவள் கட்டப் போகும்போது பட்டர் வந்தார். வாகனத்துக்கு மேலே நின்று, வழி நெடுகப் பெருமாளைப் பிடித்துக்கொண்டு வந்தவர். மேலேயிருந்து பார்த்தால் குதிரையின் நெஞ்சும் கலியன் தலையும்தான் தெரியும், பாவம், வேறு காட்சியே இருந்திருக்காது. "இப்படிக் குடும்மா, அது நான் கட்ட வேண்டியது" என்று துணியை வாங்கினார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாலு விரலையும் சேர்த்து, ஒரு சுற்று, இரண்டு சுற்று, எனக்குத் தலையில் கட்டிய அதே மடிப்பு. முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தார். எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

அந்த நேரத்தில் குதிரையைத்தான் கும்பிட்டிருப்பார். நியாயம்தானே, அப்படிப்பட்ட குதிரை. ஆனால் ஒன்று மட்டும் இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை சார். நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், தெரிந்தால் சொல்லுங்க. குதிரையைக் கும்பிடுகிற மனுஷர், குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டா கும்பிடுவார்?